யானைக் காசுக்கு எத்தனை மார்க்?

1792-ல ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்தோட பாராமகால், அதாவது நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம், திப்புகிட்ட இருந்து கம்பெனி கைக்குப் போச்சுன்னு போன எபிசோட்ல பேசினோம். அதுக்கு வந்த கேள்வியில பாதி ஒண்ணேதான்: "வீட்ல யானை போட்ட செப்புக்காசு இருக்கு, எவ்வளவு போகும்?"

யானை இருந்தா மட்டும் திப்பு காசு ஆகிடாது. பின்னாடி வந்த உடையார் காசுலயும் யானை உண்டு. வருஷத்தைப் பாருங்க. திப்பு கொண்டுவந்த மௌலூதி ஆண்டை வலமிருந்து இடமா எழுதினாங்க. 1218-ங்கிறது 8121 மாதிரி நிக்கும். எண்கள் பாரசீக எழுத்துல இருக்கும், பொறுமையா படிக்கணும்.

அடுத்தது கிரேடு. அன்னிக்கு சராப்புக் கடைக்காரர் எடையும் மாற்றும் பார்த்து, தேய்ஞ்ச நாணயத்துக்கு வட்டம் பிடிச்சார். அவருக்கு உலோகம்தான் கணக்கு. இன்னிக்கு சேகரிப்பாளருக்கு மேற்பரப்புதான் கணக்கு. 1949-ல வில்லியம் ஷெல்டன்ங்கிற அமெரிக்கர், அவங்க ஊர் பழைய செப்பு சென்ட்டுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் போட்டார். வேடிக்கை என்னன்னா, அது முதல்ல விலைக் கணக்கு! 1 மார்க் காசு ஒரு டாலர்னா, 70 மார்க் காசு எழுபது டாலர். விலை அந்தக் கணக்குல நிக்கல. எண் மட்டும் நின்னுடுச்சு. வி.எஃப். 20-ன்னா மிதமான தேய்மானம், ஏ.யூ. 50-ன்னா மேடான இடத்துல மட்டும் லேசா, எம்.எஸ். 60-க்கு மேல புழக்கத் தேய்மானமே இல்ல. எத்தனை காசு மிஞ்சியிருக்கு, எத்தனை பேர் தேடுறாங்கன்னு அந்த எண் சொல்லாது. அதனால அரிதான அக்கசாலைக் காசு தேய்ஞ்சிருந்தாலும், சாதாரணமா கிடைக்கிற பளிச்சுனு இருக்கிற காசை விலையில தாண்டிடும்.

தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. குத்துவிளக்குக்குச் சரி. காசுல அந்தப் பழுப்பு நிறம் போனா திரும்ப வராது. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. மாதிரி நிறுவனங்கள், மோசமா தேய்ச்ச காசுக்கு எண்ணே தராம 'டீடெயில்ஸ்'னு எழுதிடுவாங்க. நூறு வருஷம் தாண்டிய நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள்; கிரேடு வாங்கலாம்னு வெளிநாட்டுக்கு கூரியர் பண்ணிடாதீங்க. நிலம் தோண்டும்போது கிடைச்சதுன்னா கலெக்டருக்குச் சொல்லணும், அது 1878 சட்டம்.

இன்னொண்ணு, ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி "உங்க காசு லட்சக்கணக்குல போகும், கமிஷன் மட்டும் முதல்ல அனுப்புங்க"ன்னு போன் வந்தா கட் பண்ணுங்க. 2021-லயே அந்த வங்கி இதுக்கு எச்சரிக்கை விட்டிருக்கு.