கொம்பைப் பற்றிய கைகள்: குந்தா மலைகளும் தோடர் எருமை பிடிப்பும்

நீலகிரி மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில், மஞ்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட குந்தா வட்டமும், அதற்கு அப்பால் அவலாஞ்சி, மேல்பவானி, முக்குருத்தி என நீளும் மலைகளும், தேயிலையும் நீர்மின் அணைகளும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளாக இருந்தன. தோடர் வாழ்வில் பால் தொழில் எவ்வளவு புனிதமானதோ, அவ்வளவு புனிதமானது இறந்தவரோடு எருமையை வழியனுப்பும் ஈமச்சடங்கு. அச்சடங்கின் நடுவே, கயிறு இன்றி, ஓடும் எருமையைக் கையால் பிடித்து நிறுத்தும் வழக்கம் ஒன்று இருந்தது. ஓடுபவனின் உடலை வெளிப்படையாக ஆபத்தில் நிறுத்திய இவ்வழக்கத்தின் வரலாற்றை ஆராய்ந்தால், இளைஞர்களைக் காத்தது தனியொருவனின் துணிச்சல் அன்று, அவன் பின்னால் தவறாமல் ஓடிவந்த துணைவர்களின் ஒழுங்கே என்பது தெளிவாகும்.

தோடர்களின் குடியிருப்பு மந்து எனப்படும். அரைவட்ட வளைவாகக் கூரை வேய்ந்த சில வீடுகள், ஒரு பால்கோயில், கல்லால் வளைத்த ஓர் எருமைப் பட்டி ஆகியவை சேர்ந்ததே பழைய மந்து. உதகையைச் சுற்றிய மந்துகளில் வாழ்ந்த குடும்பங்களும், கோடையின் வறட்சியில் அங்கே புல் காய்ந்தபோது, ஈரம் தங்கும் குந்தா மேய்ச்சல் நிலங்களுக்குத் தம் மந்தைகளை ஓட்டிச் சென்றன. தென்மேற்குப் பருவமழையை நேராக ஏற்கும் இம்மலைகளில் புல்வெளிகளுக்கு இடையே சோலை எனப்படும் குறுங்காடுகளும், கால் புதையும் சதுப்புகளும் கலந்து கிடக்கின்றன. மேய்ப்பவன் ஒவ்வொரு சரிவையும் நீரோடையையும் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டிய நிலம் அது.

குந்தா மலைகளுக்குத் தோடர் நம்பிக்கையில் இன்னொரு சிறப்பும் உண்டு. உயிருள்ளோர் உலகைத் தேக்கிர்ஷி என்னும் பெண் தெய்வமும், இறந்தோர் உலகை அவளுடைய உடன்பிறந்த ஓன் என்னும் தெய்வமும் ஆள்வதாக அவர்கள் கருதினர். இறந்தோர் உலகம் மேற்கே இருக்கிறது. அங்கே செல்லும் வழி குந்தாப் பக்கத்து மலைகளைக் கடந்து செல்கிறது. இறந்தவர் அவ்வுலகிலும் எருமைகளோடும் பாலோடும் வாழ்வார் என்பதால், ஈமச்சடங்கில் கொல்லப்படும் எருமை பலிப் பொருளாக மட்டும் எண்ணப்படவில்லை, அவருடன் பயணம் செய்யும் துணையாகவே எண்ணப்பட்டது. ஆகவே அதற்குரிய மதிப்போடு, மந்தையிலிருந்து பிரித்து, மனிதக் கைகளால் பற்றி, உரிய இடத்திற்குக் கொண்டுவருவது உறவினர் செய்ய வேண்டிய கடமையாயிற்று.

பழைய வழக்கப்படி தோடர்க்கு இரண்டு ஈமச்சடங்குகள் இருந்தன. உடல் எரியூட்டப்படும்போது நடப்பது முதலாவது. அண்டை மக்களிடையே இதற்குப் பச்சைக் கேடு என்று பெயர். எரியூட்டலில் எடுத்து வைத்த எச்சங்களைக் கொண்டு, சில மாதங்களோ அதற்கும் மேலோ கழித்து நடப்பது இரண்டாவதான வறண்ட கேடு. இரண்டிலும் பெண் எருமைகளே கொல்லப்பட்டன. துக்கத்துக்கு வந்தோர் இருவர் இருவராக நெற்றியோடு நெற்றி சேர்த்து அழுவதும், கோத்தர்கள் குழலும் மேளமும் இசைப்பதும், கொல்லப்பட்ட எருமையின் உடலைக் கோத்தர்கள் பெற்றுக்கொள்வதும், படகர்கள் தானியம் கொண்டுவருவதும், நீலகிரியின் பல சமூகங்களை ஒரே நாளில் ஒரே புல்வெளியில் கூட்டின. எருமை பிடிப்பு அந்தக் கூட்டம் முழுவதும் காத்திருந்த நிகழ்ச்சியாகும்.

குறிக்கப்பட்ட எருமை முதலில் மந்தையோடு சடங்கு நிலத்தை நோக்கி ஓட்டப்படும். கூட்டத்தையும் இசையையும் கண்டு மிரண்ட விலங்கு மந்தையை விட்டு விலகி ஓடத் தொடங்கும்போது, பிடிப்பதற்கு நிற்கும் இளைஞர்கள் பூத்துக்குளி என்னும் பூவேலைப் போர்வையை உதறிவிட்டு அதைத் துரத்துவார்கள். முந்தி எட்டியவன் ஒரு கொம்பைப் பற்றி, தன் உடலை எருமையின் கழுத்தோடு ஒட்டித் தொங்கவிட்டு, மற்றொரு கையால் அதன் மூக்கைப் பற்ற முயல்வான். அடுத்தவன் மறுபக்கக் கொம்பை எட்ட வேண்டும். இருவரையும் சுமந்துகொண்டே எருமை சரிவில் இழுத்துச் செல்லும். அதன் வேகம் தளரும்வரை பிடியை விடாமல் இருப்பதும், பின்வருவோர் வந்து சேர்ந்து அதை நிறுத்துவதும் பிடிப்பின் அடுத்த கட்டங்கள்.

இதில் உள்ள இடரைப் புரிந்துகொள்ள அந்த விலங்கை அறிய வேண்டும். தோட எருமை சமவெளி எருமையிலிருந்து வேறுபட்ட தனி இனம். அகன்று விரிந்து பிறை போல் வளையும் நீண்ட கொம்புகளை உடையது. ஆண்டு முழுவதும் திறந்த மலையில் மேய்வதால் தன் மேய்ப்பர் அல்லாதவரைக் கண்டால் எளிதில் சீறிப் பாய்வது. ஐரோப்பியப் பயணிகள் பலர் இதன் சீற்றத்தைப் பற்றி எழுதியுள்ளனர். மனிதனைவிடப் பல மடங்கு எடையுள்ள இவ்விலங்கின் கழுத்தில் ஒருவன் தொங்கும்போது, அதன் கொம்பு அவன் விலாவுக்கும் தொடைக்கும் மிக அருகில் இருக்கிறது; பிடி நழுவினால் அவன் விழும் இடம் அதன் குளம்புகளின் கீழ்தான். மழையில் வழுக்கும் புல், மூடுபனி, சதுப்பில் மறைந்திருக்கும் பள்ளம் ஆகியவை ஓடும் காலுக்கு மேலும் இடராயின. இளைஞர்கள் அடிபட்டதையும் குத்துப்பட்டதையும் 19ஆம் நூற்றாண்டின் பார்வையாளர்கள் குறித்து வைத்துள்ளனர்.

ஆனால் இந்த இடர் கண்மூடித்தனமாக ஏற்கப்பட்டதன்று. முதலாவதாக, யார் பிடிப்பது என்பதற்கு முறை இருந்தது. தோடர் சமூகம் தார்தார், தேய்வளி என்னும் இரு பிரிவுகளாக அமைந்தது. ஒரு பிரிவினரின் ஈமச்சடங்கில் மற்றப் பிரிவினர் எருமையைப் பிடிப்பதே வழக்கம் என்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே களப்பணி செய்த ஆய்வாளர் ரிவர்ஸ் பதிவு செய்துள்ளார். துயரில் தளர்ந்திருக்கும் நெருங்கிய உறவினர் மீது இந்தச் சுமை விழாமல், மறுபிரிவின் வலிமையான இளைஞர்கள் அதை ஏற்றார்கள் என்பது இம்முறையின் நடைமுறைப் பயன். இரண்டாவதாக, மந்துகளில் உருண்டையான பெருங்கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் எறியும் விளையாட்டு இருந்தது. அது இளைஞர்களின் முதுகையும் கைப்பிடியையும் பழக்கியது. மூன்றாவதாக, அவர்கள் பிறந்த நாளிலிருந்தே எருமைகளோடு வளர்ந்தவர்கள். ஒரு விலங்கு எந்தப் பக்கம் திரும்பும், எப்போது தலையைத் தாழ்த்தும் என்பதைக் கண்ணால் கண்டவுடன் அறிந்தவர்கள்.

இவை எல்லாவற்றையும் விட முதன்மையானது துணைவரின் வரவு. முதலில் கொம்பைப் பற்றியவனால் எருமையை நிறுத்த முடியாது. அவனால் முடிந்ததெல்லாம் அதன் தலையை ஒரு பக்கம் சாய்த்து வைப்பதுதான். மறுகொம்பை இரண்டாமவன் பற்றும்வரை அவன் உயிர் அந்த இரண்டாமவனின் கால்களில் இருந்தது. எனவே வேகமாக ஓடுபவனுக்குப் புகழ் கிடைத்தபோதிலும், அந்தப் புகழ் உயிரோடு கிடைப்பதற்கு அவனை அடுத்து ஓடிய, பெயர் குறைவாகவே பேசப்பட்ட, மற்றவர்களே காரணம்.

இவ்வழக்கம் நூல்களில் பதிந்த முறையே ஒரு வரலாறு. 1603இல் மலபார்க் கரையிலிருந்து மலையேறி வந்த பெனிசியோ என்னும் பாதிரியார் தோடர்களைக் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர். 1819இல் கோவை ஆட்சியரான ஜான் சல்லிவன் மலைக்கு வந்த பின், 1832இல் ஹார்க்னஸ் நூலும், 1873இல் மார்ஷல், பிரீக்ஸ் ஆகியோரின் நூல்களும் வெளிவந்தன. கேம்பிரிட்ஜிலிருந்து வந்து 1901, 1902 ஆண்டுகளில் களப்பணி செய்த ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட நூலில் சடங்குகளை மிக விரிவாக விளக்கினார். 1930களில் தோட மொழியைப் பயின்ற எமனோ அம்மக்களின் பாடல்களைத் திரட்டி, 1971இல் பெருந்தொகுதியாக வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டு நூல்களில், பெரிய சடங்குகளில் பல எருமைகளைக் கல்பட்டிக்குள் அடைத்து, தடி ஏந்திய இளைஞர்கள் உள்ளே குதித்துப் பிடிக்கும் காட்சி வருகிறது. பின்வந்த பதிவுகளில் திறந்த வெளியில் ஒன்றிரண்டு எருமைகளைத் துரத்திப் பிடிப்பதே மேலோங்குகிறது. நெருக்கமான பட்டிக்குள் பல கொம்புகளுக்கு இடையே நிற்பதைக் காட்டிலும் திறந்த புல்வெளியில் ஒரே விலங்கைத் துரத்துவதில் தப்புவதற்கு இடமேனும் இருந்தது.

இந்த மாற்றத்துக்குப் பின்னணியாக ஆங்கில அரசின் கட்டுப்பாடு இருந்தது. ஒரு சடங்கில் பெருந்தொகை எருமைகள் கொல்லப்படுவது வீண் செலவு என்று கருதிய அரசு, இறந்த ஒருவருக்கு இரண்டு எருமை என்ற அளவில் எண்ணிக்கையைக் குறைத்தது. அவ்வாறு குறைத்ததில் மனிதருக்கு நேரும் காயங்களும் குறைந்திருக்க வேண்டும் என்பது இயல்பான விளைவே. எனினும் அரசின் கணக்கு கால்நடைகளின் தலைகளைப் பற்றியது. பிடிப்பவனின் விலாவையும் முழங்காலையும் பற்றிய விதி எதையும் அது எண்ணவில்லை. உடலைக் காக்கும் விதிகள் அந்தச் சமூகத்தின் பழக்கத்திலேயே தங்கியிருந்தன.

தமிழகத்தின் மற்றொரு பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டால், அரசின் விதிக்கும் சமூகப் பழக்கத்துக்கும் இடையிலான இந்த வேறுபாடு விளங்கும். முல்லை நிலத்து ஏறுதழுவலின் வழிவந்த சல்லிக்கட்டு, 2009இல் மாநிலச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டு, 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்டு, 2017 சனவரிப் போராட்டத்திற்குப் பின் புதிய சட்டத்தால் மீண்டு, 2023இல் அரசியல் சாசன அமர்வின் ஏற்பையும் பெற்றது. அங்கே மாடுபிடி வீரர் திமிலை மட்டுமே பற்றலாம். கொம்பையும் வாலையும் பற்றக் கூடாது. மருத்துவர் குழுவும் தடுப்பு வேலியும் இருக்க வேண்டும். தோடர் வழக்கிலோ கொம்பும் கழுத்துமே பற்றும் இடங்கள். சல்லிக்கட்டில் காளை தப்பியோடினால் அது காளையின் வெற்றி. தோடர் சடங்கில் எருமை தப்பினால் இறந்தவரின் பயணமே தடைப்படும். பின்வாங்குவதற்கு இடமில்லாத கடமை என்பதால் இங்கே இடரும் கூடுதலாயிற்று.

ஓடுபவனுக்கு நேரும் காயம் பற்றிய கேள்வி உலகின் மறுகோடியிலும் இதே வடிவில் எழுந்தது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தைத் தொடக்கத்தில் பெற்று ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக் எனப்படுவார். அவரைச் சுற்றிச் சக ஆட்டக்காரர்கள் அரணாக நிற்பர். அந்த அரணை விட்டு அவரே பந்தோடு ஓடும்போது, எதிரணியினரின் முழு மோதலையும் தன் உடலில் ஏற்கிறார். இவ்விளையாட்டில் இளைஞர்கள் பலர் இறந்துவந்ததை அடுத்து, 1905இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டே முன்னோக்கிப் பந்தை எறிவது சட்டபூர்வமாயிற்று. ஓடும் குவார்ட்டர்பேக் கால்களை முன்நீட்டிச் சறுக்கி அமர்ந்தால் அந்த ஆட்டநகர்வு அங்கேயே முடிந்துவிடும் என்ற பாதுகாப்பு 1985இல் தொழில்முறை விதிகளில் சேர்ந்தது. ஆயினும் 2013 சனவரியில், ஓட்டத்துக்குப் புகழ்பெற்ற இளம் ஆட்டக்காரர் இராபர்ட் கிரிபின், ஏற்கெனவே நொந்திருந்த முழங்கால் முறுகி ஆட்டத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. துணைவரின் அரணுக்குள் இருப்பவனுக்கும் தனியே ஓடுபவனுக்கும் இடையே உள்ள தூரமே காயத்தின் அளவு என்பதைத் தோடர் வழக்கமும் அந்த விளையாட்டும் ஒருசேரக் காட்டுகின்றன.

20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் குந்தாவின் முகம் மாறியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குகளை நிரப்பின. புல்வெளிகளில் சீகை மரமும் தைலமரமும் நடப்பட்டன; அம்மரங்கள் சிறுமுகையின் செயற்கைப் பட்டு ஆலைக்கு மூலப்பொருளாகவும் சென்றன. புல் குறைந்தபோது மந்தை குறைந்தது. மந்தை குறைந்தபோது வறண்ட கேடு அருகியது. கிறித்துவம் தழுவிய குடும்பங்களில் எருமைச் சடங்கே நின்றது. இன்று எருமை பிடிப்பு மிக அரிதாகவே நடைபெறுகிறது.

வழக்கம் அருகினால் அதன் ஆபத்தும் அருகும் என்று எண்ணுவது முழு உண்மையன்று. நாள்தோறும் எருமையோடு பழகாத இளைஞன் அதன் தலையசைவைப் படிக்க இயலாது. ஊருக்கும் நகருக்கும் வேலை தேடிச் சென்றவர்கள் ஒரே நாளில் கூடும்போது, முன்னவனும் பின்னவனும் ஒருவரையொருவர் நம்பி ஓடும் பயிற்சி அவர்களிடம் இருக்காது. எண்ணிக்கையில் சுருங்கிய ஒரு வழக்கத்தில், மிஞ்சும் ஒவ்வொரு முறையும் பழகாத உடல்களோடு நடக்கும் என்றால், காப்பாக இருந்த ஒழுங்கே முதலில் கரைந்துபோகிறது.

ஆகவே தோடர் எருமை பிடிப்பை வீரத்தின் சின்னமாக மட்டும் போற்றி எழுதுவது அவ்வழக்கத்துக்குச் செய்யும் குறைபாடான மரியாதை. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கிய பழைய ஆட்சியாளர் பார்வையும் அதைவிடக் குறைபாடானதே. மறுபிரிவினர் பிடிப்பது என்ற முறையும், கல் தூக்கும் பயிற்சியும், இரண்டாமவன் எட்டியாக வேண்டும் என்ற எழுதாத விதியும் சேர்ந்து, பல தலைமுறை இளைஞர்களை உயிரோடு வீடு திரும்பச் செய்த அறிவாக விளங்கின. குந்தா மலைகளின் வரலாற்றை எழுதுவோர் அணைகளின் உயரத்தையும் தேயிலையின் பரப்பையும் பதிவது போலவே இந்த அறிவையும், அதைக் கற்பதற்கு அம்மக்கள் தந்த காயங்களின் விலையையும், தோட முதியவர்களிடமிருந்து கேட்டு அவர்களின் சொற்களிலேயே பதிந்து வைப்பது இன்னும் காலம் கடந்துவிடாத கடமையாகும்.