துப்பாக்கி ஸ்டேஷன்லயேதான் இருந்தது

1969 ஆகஸ்ட் 9. லாஸ் ஏஞ்சல்ஸில் நிறைமாத கர்ப்பிணியான நடிகை ஷரோன் டேட் உட்பட 5 பேர் கொலை. மேன்சன் கும்பலுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்த அரசு வக்கீல் வின்சென்ட் புக்லியோசி, 1974-ல் 'ஹெல்டர் ஸ்கெல்டர்'னு புத்தகமே எழுதினார். அதுல என்னைத் தூங்க விடாத பகுதி இது.

செப்டம்பர் 1. வீட்டுக்குப் பின்னால ஒரு 10 வயசுப் பையன் துப்பாக்கியைப் பார்க்கிறான். ரேகை அழியக்கூடாதுன்னு குழல் நுனியைப் பிடிச்சுத் தூக்குறான். வந்த போலீஸ்காரரோ ரெண்டு கையாலயும் தொட்டு வாங்கிட்டுப் போறார்.

அதே போலீஸ் துறை, அதே மாடல் துப்பாக்கியைத் தேடி கனடா வரைக்கும் நோட்டீஸ் அனுப்புது! டிசம்பர்ல பையனோட அப்பா போன் பண்ணின பிறகுதான் கண்டுபிடிச்சாங்க.

டூட்டி டாக்டர்களே, ஆபரேஷன்ல எடுத்த குண்டோ, ரத்தத் துணியோ, லேபிள் ஒட்டி, சீல் வெச்சு, கையெழுத்து வாங்கிட்டுக் கொடுங்க. கோர்ட்ல கேட்கிறது அதைத்தான்.