ஜன்னல் வழியே ஓடிய மாணவர்

பிணத்தை முதன்முதலாக அறுக்க நிற்கும் மருத்துவ மாணவரின் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

பிரெஞ்சு இசைமேதை பெர்லியோஸ் 1821இல் மருத்துவம் பயிலத்தான் பாரிஸ் வந்தார். சவ அறுவைக் கூடத்தைக் கண்டதும் அஞ்சி, ஜன்னல் வழியே குதித்து ஓடினார்! நண்பரின் வற்புறுத்தலால் மீண்டும் சென்றபோதோ அச்சம் மரத்துப் போயிருந்தது. சவத்தின் துணுக்குகளைக் குருவிகளுக்கு வீசியதாக அவரே எழுதியிருக்கிறார்.

லண்டன் உடற்கூறு ஆசிரியர் வில்லியம் ஹண்டரும் 18ஆம் நூற்றாண்டிலேயே, கத்தி பிடிப்பவருக்குச் சிறிது கல்நெஞ்சு தேவை என்று கற்பித்தார்.

ஆனால், நோயாளியிடமும் நெஞ்சு மரத்துவிட்டால்? தைவானின் ட்சூ ச்சி பல்கலைக்கழகம் வேறு வழி கண்டது. அங்கு உடலைக் கொடையளித்தவர் ‘மௌன ஆசிரியர்’. மாணவர்கள் அவர் குடும்பத்தாரைச் சந்தித்து, அவர் வாழ்ந்த கதையைக் கேட்டறிந்த பின்னரே கத்தியைத் தொடுகின்றனர். அச்சத்தை வெல்ல நன்றியும் ஒரு வழிதான்.