தன்னார்வக் கற்பித்தல் இயக்கங்கள் (இந்தியா)

பள்ளிக்குப் போயும் வாசிக்க வராத பிள்ளைகளுக்கும், பள்ளிப் பக்கமே போக வாய்க்காத பிள்ளைகளுக்கும், ஆசிரியர் வேலையில் இல்லாத அக்கம்பக்கத்தார் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு தன்னார்வக் கற்பித்தல் எனப்படும். குடிசைப் பகுதி, மீனவர் குப்பம், செங்கல் சூளை, மலைக்கிராமம் என்று அரசு கைநீட்டினாலும் முழுதாக எட்டாத இடங்களில்தான் இந்தப் பணி பெரும்பாலும் நடக்கிறது. எண்பதுகளின் இறுதியில் முதியோர் எழுத்தறிவு இயக்கமாகப் பெருகியது; தொண்ணூறுகளில் மும்பையில் பிள்ளைகள் பக்கம் திரும்பியது; 2021இல் தமிழ்நாட்டின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேரைத் திரட்டியது. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ இந்தியாவில் எத்தனையோ வகைத் தொண்டுகள் உண்டு. அவற்றில் பலன் எவ்வளவு என்று பலமுறை அளந்து பார்க்கப்பட்டது இந்த ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். ஆகவே, எது பயன் தருகிறது, எது தருவதில்லை என்று ஊகிக்காமல் பேச இங்கே வழி இருக்கிறது.

அறிவொளிக்கு முன்னும் பின்னும்

மாணவர்களைச் சமூகப் பணிக்கு அழைத்த முதல் பெரிய அரசுத் திட்டம் நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40 ஆயிரம் மாணவர்களுடன் அது தொடங்கியது. கல்லூரியில் படித்த பலருக்கு ‘என்.எஸ்.எஸ். கேம்ப்’ இன்றும் இனிய நினைவு. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, கிராமத்தில் ஏழு நாள் முகாம். மரக்கன்று நடவும் குளக்கரையைச் சீர்செய்யவும் ஏழு நாள் போதும். ஒரு பிள்ளைக்கு உயிர்மெய் வரிசையைப் பழக்க அது போதாது.

அந்தக் குறையை வேறொரு வழியில் தீர்த்தது எர்ணாகுளம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் முன்நிற்க, மாவட்ட நிர்வாகம் துணைநிற்க, 1989 ஜனவரியில் அங்கே முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஓராண்டுக்கு மேல் தங்கள் தெருவிலேயே வகுப்பெடுத்தார்கள். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. வெளியூர்க்காரர் வந்து போகும் முகாமை நம்பாமல், அதே தெருவில் வசிக்கும் ஒருவரை மாதக்கணக்கில் வகுப்பெடுக்க வைத்ததே எர்ணாகுளம் காட்டிய வழி.

தமிழ்நாட்டில் அந்த வழியைத் தொடர்ந்தது அறிவொளி இயக்கம். புதுக்கோட்டையில் 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த இயக்கம் அதில் தனிக் கதை. கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிகளும் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். வகுப்பு நடத்தும் தன்னார்வலர் ஒரு குக்கிராமத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேருந்தை எதிர்பார்க்காமல் போக வேண்டுமே என்ற தேவையும் அதில் அடக்கம். வீதி நாடகமும் பாட்டுமாக ஊரைக் கூட்டும் பழக்கம் அந்த ஆண்டுகளில் வேரூன்றியது. முப்பது ஆண்டு கழித்து இல்லம் தேடிக் கல்விக்கு ஊர் ஊராகக் கலைக்குழுக்கள் போனபோது, பழைய அறிவொளித் தொண்டர்களுக்கு அது பழகிய காட்சி.

மும்பையிலிருந்து ஜான்பூர் வரை

பிள்ளைகளை மையமாக வைத்த பெரிய முயற்சி மும்பையில் பிறந்தது. மாதவ் சவானும் ஃபரிதா லாம்பேயும் யுனிசெஃப், மும்பை மாநகராட்சி ஆதரவுடன் தொண்ணூறுகளின் நடுவில் ‘பிரதம்’ அமைப்பைத் தொடங்கினார்கள். குடிசைப் பகுதியில் கட்டடம் கிடைக்காது. அதனால் கோயில், அலுவலகம், யாராவது ஒருவர் வீட்டு முன்னறை என்று கிடைத்த இடத்தில் பால்வாடிகள் நடந்தன. அடுத்து வந்தது ‘பால்சகி’. மூன்றாம், நான்காம் வகுப்பில் இருந்தும் அடிப்படை பிடிபடாத பிள்ளைகள் 15, 20 பேரைப் பள்ளி நேரத்திலேயே தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, அந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் சொல்லிக்கொடுப்பார். அவர் பள்ளிப்படிப்பு முடித்தவர்; பயிற்சி இரண்டு வாரம்; மாதத்துக்கு 500 முதல் 750 ரூபாய் வரை ஊதியம்.

மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை இதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பால்சகி இருந்த பள்ளிகளில் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. அதிகம் உயர்ந்தவர்கள் கடைசி வரிசைப் பிள்ளைகளே. வகுப்புக்கு உரிய பாடத்தை விட்டுவிட்டு, பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கியதுதான் காரணம். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்தே தெரியாத பிள்ளையிடம் பாடம் நடத்துவது இருவருக்கும் தண்டனை. உலக வறுமையைக் குறைக்கும் வழிகளைச் சோதித்துப் பார்க்கும் முறைக்காக பானர்ஜிக்கும் டூஃப்ளோவுக்கும், மைக்கேல் கிரெமருடன் சேர்த்து 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுகளின் வரிசையில் மும்பையின் இந்தப் பெண்களுக்கும் இடம் உண்டு.

உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அடுத்த சோதனை நடந்தது. அங்கே ஊதியம் கிடையாது. சில நாள் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் மாலையில் வாசிப்பு வகுப்பு நடத்தினார்கள். வந்த பிள்ளைகளிடம் கிடைத்த பலன் வியக்கத்தக்கது: எழுத்தே தெரியாமல் வந்தவர்கள் எழுத்தை அடையாளம் கண்டார்கள், எழுத்து தெரிந்தவர்கள் வாசிப்பை நோக்கி நகர்ந்தார்கள். ஆனால் ஊரிலிருந்த பிள்ளைகளில் வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். வகுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தானாக வருவோரை மட்டும் நம்பினால் பெரும்பாலோர் விடுபட்டுப் போவார்கள் என்பதை ஜான்பூர் காட்டியது. பின்னர் அதே மாநிலத்தில் பள்ளி வளாகத்திலேயே, பள்ளி நேரத்திலேயே பிரதம் ஊழியர்களும் தன்னார்வலர்களும் நடத்திய குறுகிய கால முகாம்களில் நிலைமை மாறியது. பத்தியோ கதையோ வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள், முகாம் நடக்காத பள்ளிகளில் கால்வாசிப் பேர். முகாம் நடந்த பள்ளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர்.

பிரதம் 2005இல் தொடங்கிய ‘அசர்’ கணக்கெடுப்பும் தன்னார்வலர்களின் உழைப்புதான். கல்லூரி மாணவர்களும் ஆசிரியர் பயிற்சி நிறுவன மாணவர்களும் உள்ளூர் அமைப்பினரும் மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்று படியேறி, பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறார்கள். கையிலிருப்பது ஒரே தாள். அதில் தனி எழுத்துகள், சின்னச் சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. பிள்ளை பத்தியில் தொடங்கும். தடையில்லாமல் ஓடினால் கதைக்குப் போகலாம். தட்டினால் சொல், அதிலும் தட்டினால் எழுத்து. திண்ணையில் உட்கார்ந்து சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைச் சுற்றிப் பெற்றோர் நின்று கேட்கும்போது, பல வீடுகளில் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பது முதன்முறையாக வெளிப்படுகிறது. அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் நாடு முழுதும் 2018இல் 20.9 சதவீதம். தொற்றுக்காலத்துக்குப் பின் 2022இல் அது 16.3 ஆகச் சரிந்து, 2024இல் 23.4 ஆக ஏறியது. ஏறிய பிறகும் நாலில் மூன்று பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள்.

இல்லம் தேடிக் கல்வி

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளியைப் பார்க்காமலே அந்த வகுப்பை முடித்து இரண்டாவதற்கு வந்திருந்தது. கைப்பேசி இருந்த வீட்டுப் பிள்ளைகள் ஓரளவு தப்பினார்கள். மற்றவர்களில் சிலர் வேலைக்குப் போனார்கள், சிலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்கள், எழுத்து கைவிட்டுப் போனது.

இந்த இழப்பை ஈடுசெய்ய, பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கிவைத்தார். சில மாவட்டங்களில் முன்னோட்டமாக நடந்து, பிறகு மாநிலம் முழுதும் பரவியது. தொடக்கநிலை வகுப்பு எடுக்கப் பிளஸ் டூ, ஆறு முதல் எட்டு வரை எடுக்கப் பட்டப்படிப்பு தகுதி. அதே பகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும். ஒரு மையத்துக்கு 20 பிள்ளைகள் அளவு. மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. முன்வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். படித்து முடித்துத் திருமணமாகி வீட்டோடு இருந்தவர்கள், பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர்கள், கல்லூரி போய்வந்துகொண்டிருந்தவர்கள்.

இந்த மையங்களுக்குத் தனிக் கட்டடம் கட்டப்படவில்லை. சமுதாயக் கூடம், அங்கன்வாடி, கோயில் மண்டபம், தன்னார்வலர் வீட்டு வாசல் எதுவும் மையம்தான். பாய் விரித்து, சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, புளியங்கொட்டையைக் குவித்துவைத்தால் வகுப்பு தயார். 32இலிருந்து 17ஐக் கழிக்கும் கணக்கில் தடுமாறும் பிள்ளையிடம் பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிக் கட்டுகள் மூன்றும் தனிக்குச்சிகள் இரண்டும் கொடுக்கப்படும். ஏழு குச்சியை எடுக்க இரண்டு போதாது. ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். கட்டைப் பிரித்த அந்தக் கணத்தில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. கரும்பலகையில் பத்து முறை எழுதிக்காட்டியும் வராத காரியம் அது. பிள்ளைகள் தன்னார்வலரைப் பெரும்பாலும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தப்பாகச் சொன்னாலும் அக்காவிடம் பயமில்லை என்பதே பாதிப் பலன்.

கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமெரோ மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தொற்றுக்கு முன் 2019இல் இதே கிராமங்களில் எடுத்த அளவீடு அவர்கள் கையில் இருந்தது. பள்ளி திறந்தபின் 2021 டிசம்பரில் பார்த்தபோது இழப்பு பெரிதாக இருந்தது. கணக்கில் நேர்ந்த பின்னடைவு மொழியில் நேர்ந்ததைப்போல் இரு மடங்கு. 2022 மே மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே மையத்துக்கு அதிகம் வந்ததையும் குறித்தார்கள். ஜான்பூரில் நூற்றுக்கு எட்டுப் பேர் வந்த இடத்தில் இங்கே கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வந்ததற்குக் காரணம் எளிது. அரசு முன்நின்றது, பள்ளியே பட்டியல் எடுத்து மையத்தோடு இணைத்தது, மையம் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

எதிர்ப்பும் இருந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020 தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் கொண்டுவரப் பேசுகிறது. இதுவும் அதன் வேறு வடிவமா, கருத்துப் பரப்ப நினைக்கும் அமைப்புகள் இதன்வழி நுழைந்துவிடுமா என்று சில கட்சிகளும் கல்வியாளர்களும் கேட்டார்கள். ஆசிரியர் காலியிடங்களை நிரப்பாமல் 1,000 ரூபாய்க்கு ஆள் வைப்பதா என்ற கேள்வியும் எழுந்தது. முதல் கேள்விக்கு அரசு மறுப்புத் தெரிவித்தது. இரண்டாவது கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது, அது நியாயமானதும்கூட. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில், தகுதியுள்ள ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை. தன்னார்வலர் அந்த ஆசிரியருக்குத் துணையாக நிற்கலாம், அவருடைய நாற்காலியை நிரப்ப முடியாது. அவர் செலவிடும் மாலை நேரத்துக்கும் மதிப்பு வேண்டும். வீட்டு வேலையை முடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் 20 பிள்ளைகளோடு உட்காரும் பெண்ணுக்கு அந்தத் தொகை மிகக் குறைவு. ‘சேவை’ என்ற பெயரில் பெண்களின் உழைப்பை மலிவாக வாங்கும் பழக்கம் அங்கன்வாடி, ஆஷா பணிகளிலும் இருக்கிறது; இங்கும் அதுவே தொடர்கிறது.

நகரத்துத் தன்னார்வலர்கள்

நகரங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களை வார இறுதியில் ஒருங்கிணைக்கும் அமைப்புகளும் உண்டு. சென்னையில் 2006இல் தொடங்கிய ‘பூமி’, அதே ஆண்டு கொச்சியில் தொடங்கிக் காப்பக மாணவர்களோடு பணியாற்றும் ‘மேக் எ டிஃபரன்ஸ்’ இரண்டும் இவ்வகை. ‘டீச் ஃபார் இந்தியா’ 2009 முதல் பட்டதாரிகளை இரண்டு ஆண்டு முழுநேரமாகப் பள்ளிக்கு அனுப்புகிறது.

பிறந்தநாளுக்குக் காப்பகத்தில் கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடும் வழக்கம் நகரத்தில் பரவியிருக்கிறது. மனம் நல்லதுதான். ஆனால் வாரத்துக்கு ஒரு புதுமுகம் வந்து கொஞ்சிவிட்டுப் போவது, ஏற்கெனவே பெற்றவரைப் பிரிந்த பிள்ளைக்கு மறுபடி மறுபடி ஒரு பிரிவு. சட்டமும் குறுக்கே நிற்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவுப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். போக்சோ சட்டம் 2012, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவரும் எவரும் புகார் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. தன்னார்வலருக்கும் அதில் விலக்கில்லை.

இந்தப் பணியில் சேர விரும்புவோர் முதலில் தங்கள் தெருவுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய், எந்தப் பிள்ளைகளுக்கு உதவி தேவை என்று கேட்க வேண்டும். ஒரு கல்வியாண்டு முழுதும் வர முடியுமா என்று யோசித்து, முடியும் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம். 1996இல் மும்பையில் தொடங்கிய இந்தச் சேவை 24 மணி நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது.