பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மாளோடு சென்ற ஆண்டு சில வாரங்கள் மதுரைக்குப் போய்வர வேண்டியிருந்தது. அவருடைய பேத்திக்கு எட்டு வயது. தலைக்குள் கட்டி. ஆபரேஷன் முடிந்தபின் ஆறு வாரம் 'கரண்ட்' வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் இன்றும் அதுதான் பெயர். படிவம் நிரப்பவும், காப்பீட்டு அட்டையை எந்த ஜன்னலில் நீட்ட வேண்டும் என்று விசாரிக்கவும் தெரிந்தவன் என்பதால் என்னையும் கூட அழைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் காத்திருக்கும்போது அந்த அம்மாள் கேட்டார்: "அண்ணாச்சி, உள்ள மிஷின் போடுற தம்பி சட்டையில என்னமோ மாட்டியிருக்காரே, அது என்ன?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது டி.எல்.டி. பட்டை. கதிர்வீச்சு உள்ள இடத்தில் வேலை செய்கிறவர் நெஞ்சில் அதை அணிந்தே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி, அவர் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அளந்து, அவர் பெயருக்கு எதிரே எழுதிவைக்கிறார்கள். அவருக்கென்று ஓர் எண் உண்டு. ஆஸ்பத்திரி மாறினாலும் அந்த எண் மாறாது.

"அப்ப அந்தத் தம்பி மேல என்ன பட்டிருக்குன்னு கவருமெண்டுக்குத் தெரியும்?"

"தெரியும்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நான் ஒன்பது வயசுல தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். எம் பேரு எந்த நோட்டுலயும் கிடையாது."

சிவகாசி வட்டாரத்தில் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். நானும் ஆபீசில்தான் நாற்பது வருஷம் காலம் தள்ளினேன். என் ஆபீசில் நோட்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது. அவர் ஆபீசில் நோட்டில் இல்லாமல் ஒரு பிள்ளைப் பருவமே நடந்துவிட்டது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் 'த்யுத்தெல்' என்று ஒரு சொல் உண்டு. தாய் தகப்பனை இழந்த சிறுவனுக்குச் சட்டப்படி நியமிக்கும் காப்பாளர் பொறுப்புக்கு அந்தப் பெயர். ஓர் ஆஸ்பத்திரியையோ நிறுவனத்தையோ மேற்பார்க்கும் அரசு அதிகாரத்துக்கும் அதே பெயர். தமிழில் நாம் ஒன்றைக் காப்பு என்றும் மற்றதைக் கண்காணிப்பு என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். நம் மாநிலத்தில் இந்த இரண்டும் எப்படி நடந்தன என்று பார்த்தால் சில விஷயங்கள் புரிகின்றன.

முதலில் கதிர்வீச்சின் கதை. சென்னை பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934-ல் திறக்கப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கியவரும் அவர்தான். காப்பு, சிகிச்சை இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருந்த பெண்மணி. அடையாறுக்கு 1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கருவி வந்தது. 1960-ல் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கென்று அங்கே தனி வார்டு ஏற்பட்டது.

கோபால்ட்டில் ஒரு சங்கடம் உண்டு. எக்ஸ்ரே மிஷினைப் போல சுவிட்சை அணைத்தால் அடங்கிவிடாது. இரவும் பகலும் கதிர் வீசிக்கொண்டே இருக்கும்; தடித்த ஈயப் பெட்டிக்குள் அடைத்துத்தான் வைக்க வேண்டும். அதன் வலிமை சுமார் ஐந்தேகால் ஆண்டில் பாதியாகும். அந்தக் கணக்கைப் பார்த்து நோயாளிக்குக் கதிர் வைக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கணக்கில் தவறு வந்தால் நோயாளிக்குத்தான் ஆபத்து. உபயோகம் முடிந்தாலும் குப்பையில் போட முடியாது. ஆகவே அப்படி ஒரு பொருளுக்கு வாங்கும் நாள் முதல் திருப்பி அனுப்பும் நாள் வரை காகிதத்தில் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும்.

இதற்குத்தான் 1962-ல் அணுசக்திச் சட்டம் வந்தது. 1983 நவம்பர் 15 அன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. வாரியத்தின் அனுமதி இல்லாமல் சிகிச்சைக் கருவியை இயக்க முடியாது. டாக்டர் மட்டும் போதாது. அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர், பயிற்சி பெற்ற டெக்னீஷியன், வாரியம் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு அதிகாரி எல்லாரும் இருக்க வேண்டும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு பற்றிய 2004 விதிகளில் ஒரு வரி: பதினெட்டு வயது நிரம்பாதவரை இந்த வேலையில் வைக்கக் கூடாது. பதினாறு நிரம்பாதவரைப் பயிற்சிக்குக்கூட எடுக்கக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பாரிஸில் சபூரோ என்ற தோல் மருத்துவர் 1904 வாக்கில் ஒரு முறை கண்டுபிடித்தார். பிள்ளைகளுக்குத் தலையில் படர்தாமரை வந்தால் எக்ஸ்ரே வைத்து முடியை உதிரச் செய்துவிடலாம், நோய் போய்விடும். உலகமெங்கும் இந்த முறை பரவியது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், வேறு நல்ல மருந்து அன்று இல்லை. இஸ்ரேலில் 1950-களில் குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோருக்கு அரசே முன்னின்று இதைச் செய்தது. அப்படிக் கதிர் பட்ட ஏறத்தாழ 11,000 பேரை, கதிர் படாத மற்றவர்களோடு ஒப்பிட்டு 1974-ல் ஓர் ஆய்வு வெளியானது. கதிர் பட்டவர்களிடம் மூளைக் கட்டியும் தைராய்டு புற்றும் கூடுதலாக இருந்தன. 1994-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அவர்களுக்கு நஷ்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்தது.

ஒரு குமாஸ்தாவாக இதில் என் கண்ணில் பட்டது வேறு. இருபது வருஷம் கழித்து எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சிகிச்சை தந்த இடங்களில் பிள்ளைகளின் பெயர்களை எழுதிவைத்திருந்தார்கள். தவறு நடந்தது, ஆனால் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால்தான் தவறு தெரிந்தது, பொறுப்பும் வந்தது.

இனி சிவகாசிக்கு வருவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மழை பொய்க்கும் கரிசல் பூமிக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. அதை மறுப்பது நன்றி கெட்ட பேச்சு. ஆனால் சட்டத்தில் குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும், பட்டாசுக்குத் திரி வைக்கவும் சின்ன விரல்கள் வேகமாக ஓடும் என்பதும், சின்ன விரல்களுக்குக் கூலி குறைவு என்பதும் சேர்ந்து, விடியுமுன் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகும் பஸ்களாக ஆயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட காமராஜரின் சொந்த மாவட்டம் இது. மருந்து என்றால் மற்ற ஊர்களில் உயிர் காப்பது. இங்கே அது பட்டாசுக்குள் இடிப்பது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1938-லேயே தீப்பெட்டி, வெடிபொருள் பட்டறைகளில் சிறுவர்களை வைப்பதைத் தடுக்கும் சட்டம் இருந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவரை விலக்கியது. ஆனால் மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்தால் அந்தச் சட்டத்தின்படி அது தொழிற்சாலையாகவே கருதப்படவில்லை. 1938 சட்டத்திலும் 1986 சட்டத்திலும், சொந்தக் குடும்பத்தோடு செய்யும் பட்டறைக்கு விலக்கு இருந்தது. இந்த இரண்டு சந்துகளிலும் எத்தனை பிள்ளைகள் நுழைய முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1976-ல் தீப்பெட்டித் தொழிலுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஒரு பஸ் காட்டாற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அத்தனை பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள் என்பதே அப்போதுதான் வெளியுலகத்துக்கு உறைத்தது. அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை அமைத்தது. பத்து வருஷம் கழித்து, 1986-ல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் பதிவான கணக்கு இது: 1985 டிசம்பர் 31 அன்று சிவகாசியில் பதிவு பெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221, தொழிலாளர் 27,338, அவர்களில் குழந்தைகள் 2,941.

அந்த 2,941 என்ற எண்ணைப் பாருங்கள். அது பதிவு பெற்ற இடங்களின் கணக்கு. பதிவு பெறாத பட்டறையில் குச்சி அடுக்கியவர், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியவர் இதில் இல்லை. எங்கள் தெரு அம்மாளும் இல்லை. "ஆபீசர் வர்றாருன்னு தெரிஞ்சா எங்களைப் பின்பக்கமா ஓட்டிவிட்டுருவாங்க. மாட்டிக்கிட்டா பதினாலு வயசுன்னு சொல்லணும்" என்றார் அவர்.

நீதிமன்றம் 1990 அக்டோபரில் தீர்ப்புத் தந்தது. தயாரிக்கும் இடத்தில் குழந்தைகள் கூடாது; விலகிய இடத்தில் கட்டுதல், பொட்டலமிடுதல் போன்றவற்றில் வைக்கலாம்; பெரியவர் கூலியில் 60 சதவீதமாவது தர வேண்டும்; ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு வேண்டும். அடுத்த ஆண்டே சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் பெரும் வெடிவிபத்து. இறந்தவர்கள் 39 பேர் என்று மாநில அரசு நீதிமன்றத்தில் சொன்னது. நீதிமன்றம் தானாகவே அதைக் கையிலெடுத்து, வழக்கறிஞர் குழுவை அனுப்பி நேரில் பார்த்துவரச் செய்தது. 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு நாடு முழுவதற்குமானது. ஆறு மாதத்துக்குள் குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுப்பை முடிக்க வேண்டும். ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும். முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அதன் வட்டி, பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை குடும்பத்துக்கு.

முதல் உத்தரவே கணக்கெடுப்பு என்பதைக் கவனியுங்கள். முதலில் பெயரை எழுது; மற்றது பிறகு.

இங்கே என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில், கீழேயிருந்து வரும் ஆய்வு அறிக்கைகளைத் தொகுத்து மேலே அனுப்பும் சீட்டில் சில காலம் இருந்தேன். அதில் ஒரு பத்தி குழந்தைத் தொழிலாளர் பற்றியது. காலாண்டுக்குக் காலாண்டு எல்லா இடத்திலிருந்தும் 'இல்லை' என்றே வரும். நானும் 'நில்' என்று டைப் அடித்து அனுப்புவேன். காலையில் டீ குடிக்கப் போகும்போது, பாதித் தூக்கத்தில் தூக்குவாளியோடு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளை நானே பார்ப்பேன். பத்தரை மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து 'நில்' அடிப்பேன். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. வந்த காகிதத்தில் இருந்ததைத்தான் அடித்தேன். இருந்தாலும் அந்த மூன்று எழுத்து இன்று உறுத்துகிறது.

கதிர்வீச்சுப் பக்கம் எல்லாம் ஒழுங்கு, பட்டாசுப் பக்கம் எல்லாம் கோணல் என்று சொல்ல வரவில்லை. 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை ஒன்று, நாட்டில் இயங்கும் 57,443 மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் 5,270 மட்டுமே ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவில் இருக்கின்றன என்றது. மீதி 52,173, அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, யார் கண்ணிலும் இல்லை. அந்தக் கருவிகளுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் நின்றிருப்பார்கள்! அதே 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் வெடித்த ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதின. காகிதத்தில் மூடிய கதவு, நேரில் திறந்திருந்தது.

எனக்குப் புரிந்தது இதுதான். கோபால்ட்டை அரசு ஒழுங்காகக் கண்காணித்தது என்றால், அதற்கு அந்தப் பொருளின் மேல் இருந்த பயம் காரணம். ஒரு துண்டு காணாமல் போனால் ஊரே பதறும். பிள்ளை பதிவேட்டில் இல்லாமல் போனால் பதற ஆள் இல்லை. இன்னொன்றும் உண்டு. நெஞ்சில் மாட்டிய பட்டை, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தானே அளந்துகொள்கிறது. அது முதலாளிக்குப் பயந்து வயதைக் கூட்டிச் சொல்லாது. மஸ்டர் ரோல், எழுதுகிறவன் கையைப் பொறுத்தது.

பின்னாளில் மாற்றம் வந்தது. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் அதன் சிறப்புப் பள்ளிகளும், சத்துணவும், பெற்றோர்களின் பிடிவாதமும் சேர்ந்து வேலை செய்தன. விடியற்காலைப் பஸ்ஸில் இப்போது பெரியவர்கள்தான் போகிறார்கள். 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, வெடிபொருள் வேலையில் பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரும் கூடாது என்றாயிற்று. கோபால்ட் அறைக்கும் மருந்து அறைக்கும் கடைசியில் ஒரே வயது வந்துசேர்ந்தது.

சிகிச்சையின் கடைசி நாளன்று பேத்தியின் சிகிச்சை அட்டையை அந்த அம்மாள் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மேலே அவள் பெயர், வயது, எண். கீழே முப்பது நாளுக்கு முப்பது வரிகள். ஒவ்வொரு வரியிலும் தேதி, அன்று வைத்த கதிரின் அளவு, ஒரு கையெழுத்து. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஒரு வரிகூட விடவேண்டாம் என்றார்.

"எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காங்க" என்று சொல்லி, அட்டையை மஞ்சப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.