குடிமராமத்து

‘குடி’ தமிழ்ச்சொல். பழுதுபார்த்தலைக் குறிக்கும் ‘மராமத்து’ அரபு மூலத்தது. பாரசீகம், உருது வழியே வந்தது. ஏரி, வாய்க்காலின் பாசனம் பெறும் குடிகளே தூர்வாரிக் கரைகட்டும் கடமைக்கு இந்தக் கூட்டுச்சொல் பெயரானது. பயன் பெறுபவரே செலவையும் ஏற்க வேண்டும் என்பதே இதன் நியாயம். இது கட்டாய உழைப்பல்லவா என்று கேட்கலாம். 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதை அப்படித்தான் ஆக்கியது. ஆனால் கோளாறு பங்கீட்டில்தான் இருக்கிறது: நிலமற்றவர் மண் சுமக்க, நிலமுடையவர் வயல் மட்டும் விளைந்தால் அதற்குப் பெயர் கூலியில்லா வெட்டிவேலை. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டபோது செலவில் விவசாயிகளின் பங்கு 10 விழுக்காடு என்றது. பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலத்தின் பரப்புக்கேற்ப அதைப் பிரிப்பதே முறை.