மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்
மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர், நாவலாசிரியர். தேவதாசிச் சூழலிலேயே வளர்ந்ததால் அவ்வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர். முதலில் காங்கிரசிலும் பின்னர் சுயமரியாதை இயக்கத்திலும் இயங்கினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றார்.

இவருடைய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவல் 1936இல் வெளிவந்தது. செல்வந்த மைனர்களின் சீரழிவையும் தாசிகளின் சூழ்ச்சிகளையும் சொல்லும் கதை, பிரச்சார நெடி தூக்கலானது. கலைநயத்தைவிட ஆவணமதிப்பே அதற்கு அதிகம். ஆயினும் தேவதாசி முறை ஒழிப்புக் குரல் அம்மரபுக்குள்ளிருந்தே, அதுவும் ஒரு பெண்ணிடமிருந்து எழுந்தது என்பதே அதன் தனிச்சிறப்பு. சட்டமன்றத்தில் இதே நோக்கில் முத்துலட்சுமி ரெட்டி முன்னதாகவே பாடுபட்டிருந்தார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. ஏழைப் பெண்களுக்கான தமிழக அரசின் திருமண உதவித் திட்டம் பின்னாளில் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது.